பிரியோஷில் வெண்ணெய் பிரிந்து வந்தால்

கேள்வி: 250 கிராம் மைதாவில் பிரியோஷ் (வெண்ணெயும் முட்டையும் நிறையச் சேரும் பிரெஞ்சு பிரெட்) செய்தேன். வெண்ணெய் உட்பட எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்தேன். மாவு கையில் ஒட்டியதால் இன்னும் கொஞ்சம் மைதா சேர்த்து, சீக்கிரம் உப்பட்டும் என்று வெயிலில் வைத்தேன். வெந்ததும் கேக் மாதிரி உதிர்கிறது. டின்னின் அடியில் வெண்ணெய் தேங்கி நிற்கிறது. எங்கே தவறு?

பதில்: வெண்ணெய் சேர்த்த நேரமும் மாவின் சூடும்தான் காரணம்.

மைதாவின் புரதம் ஈரம் பட்டுப் பிசையப் பிசைய இழுபடும் வலையாக மாறும். அதுதான் க்ளூட்டன். வெண்ணெய் முதலிலேயே சேர்ந்தால் புரதத்தின் மேல் படிந்து அந்த வலையைக் கட்டவிடாது. பிரியோஷில் மைதாவின் எடையில் பாதி வெண்ணெய் என்பதால் பாதிப்பு பெரிது. வலை இல்லாத மாவு உதிரத்தான் செய்யும்.

அளவு இது: மைதா 250 கிராம், ஓடு நீக்கிய முட்டை 150 கிராம் (பெரும்பாலும் மூன்று), பால் 30 மில்லி, சர்க்கரை 30 கிராம், உப்பு 5 கிராம், இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 4 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 125 கிராம். பாக்கெட்டில் புரதம் 11 சதவீதத்துக்கு மேல் இருக்கும் மைதாவாகப் பார்த்து வாங்குங்கள். நெய் வேண்டாம். அறைச் சூட்டிலேயே இளகிவிடும் நெய்யால் இந்த மாவைத் தாங்க முடியாது.

முட்டையும் பாலும் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ச்சியோடே இருக்கட்டும். வெண்ணெய் தவிர மற்றதெல்லாம் சேர்த்து மாவு பிசையும் மிக்சரில் 10 நிமிடம், கையால் என்றால் 20 நிமிடம் பிசையுங்கள். ஒரு துண்டை மெல்ல விரித்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிய வேண்டும். அந்தப் பதம் வருமுன் வெண்ணெயைத் தொடவே கூடாது.

வெண்ணெய் விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. ஐந்து பங்காக்கி, ஒன்று முழுதும் கலந்தபின் அடுத்ததைச் சேருங்கள். நடுவில் மாவு குழைந்து பிரிந்தது போலத் தோன்றும். பயப்படாதீர்கள், மைதாவும் சேர்க்காதீர்கள். பிசையப் பிசையக் கூடிவிடும். ஒட்டுவது இந்த மாவின் இயல்பு. ஆனால் மாவின் சூடு 26 டிகிரியைத் தாண்டினால் பாத்திரத்தோடு 20 நிமிடம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத் தொடருங்கள்.

பிறகு அறையில் ஒரு மணி நேரம், ஃப்ரிட்ஜில் மூடி ஓர் இரவு. இந்த இரவைத் தவிர்க்காதீர்கள். வெண்ணெய் இறுகுவதால் காலையில் மாவு சொன்னபடி கேட்கும், சுவையும் கூடும். குளிர்ந்த மாவை எட்டு உருண்டைகளாக்கி, வெண்ணெய் தடவிய 20 சென்டிமீட்டர் நீள பிரெட் டின்னில் இரண்டு வரிசையாக அடுக்குங்கள். பிரான்சில் இந்த வடிவத்தை நான்டேர் பிரியோஷ் என்பார்கள்.

இரண்டாம் முறை உப்பும்போதுதான் நீங்கள் வெயிலில் வைத்தது வினையானது. வெண்ணெய் 30 டிகிரியைத் தாண்டினாலே இளகி, 35-க்குள் முழுதும் உருகி, மாவை விட்டு வெளியேறிவிடும். 25, 26 டிகிரி போதும். இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகலாம். கடிகாரத்தைவிட விரலை நம்புங்கள்: அழுத்திய பள்ளம் மெதுவாக, பாதி மட்டும் மேலே வந்தால் தயார். அடுப்படி சூடாக இருந்தால், ஏசி அறையில் வைத்து இன்னும் கொஞ்சம் காத்திருங்கள்.

மேலே அடித்த முட்டை தடவி, முன்சூடாக்கிய ஓவனின் கீழ்த்தட்டில் 175 டிகிரியில் 30 முதல் 35 நிமிடம் வேகவிடுங்கள். முட்டையும் சர்க்கரையும் இருப்பதால் மேல்பாகம் சீக்கிரம் சிவக்கும். நிறம் வந்ததும் அலுமினியத் தாளால் மூடுங்கள். நிறத்தை வைத்து வெளியே எடுத்தால் நடுப்பகுதி பச்சையாக இருந்து அமுங்கிவிடும். தெர்மாமீட்டரைக் குத்திப் பார்த்து, நடுவில் 90 டிகிரி வந்தபின் எடுங்கள். பத்து நிமிடத்தில் டின்னிலிருந்து கம்பித் தட்டுக்கு மாற்றுங்கள். தாமதித்தால் அடியில் நீராவி கோத்து ஈரமாகும். நன்றாக ஆறியபின் வெட்டுங்கள்.