டவுன் சிண்ட்ரோம் குழந்தையை நடன வகுப்பில் சேர்க்கலாமா? யாரோடு பழக விடுவது?

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. டவுன் சிண்ட்ரோம் உள்ளவள். பிசியோதெரபி, ஸ்பீச் தெரபி இரண்டுக்கும் விடாமல் போகிறோம். பாட்டுச் சத்தம் கேட்டால் போதும், ஆடத் தொடங்கிவிடுவாள். நடன வகுப்பிலோ நீச்சலிலோ சேர்க்க ஆசை. "மத்த பிள்ளைங்க கேலி பண்ணும், இவளை மாதிரி பிள்ளைகளோட மட்டும் சேர்த்துவிடு" என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?

பதில்: தாராளமாகச் சேருங்கள். உறவினர்கள் சொல்வது பாதி சரி. இவளைப் போன்ற குழந்தைகளும் வேண்டும், மற்ற குழந்தைகளும் வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகள் பெரும்பாலும் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதை எளிதில் பிடித்துக்கொள்வார்கள். பக்கத்தில் ஒரு குழந்தை ஆடினால் அதைப் பார்த்தே ஆடுவாள், பேசினால் பேச முயல்வாள். அதற்குச் சாதாரண வகுப்பு நல்ல இடம். ஆனால் பதின்வயது வந்ததும் சமமாகப் பழக, தன்னைப் போன்ற தோழிகளும் தேவைப்படுவார்கள். அந்தப் பழக்கத்தை இப்போதே தொடங்கிவிடுவது நல்லது.

முதலில் உடல்நிலை. இந்தக் குழந்தைகளில் ஏறக்குறைய பாதிப் பேர் இதயக் கோளாறோடு பிறக்கிறார்கள். உங்கள் மகளுக்கு அப்படி இருந்தால், அறுவை சிகிச்சை முடிந்திருந்தாலும், எவ்வளவு ஓடலாம், ஆடலாம் என்று இதய மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தது கழுத்து. மேல் கழுத்தெலும்புகள் இரண்டைப் பிடித்திருக்கும் தசைநார்கள் சிலருக்குத் தளர்வாக இருக்கும். ஆகவே குட்டிக்கரணம், தலைகீழாக நிற்பது, டிராம்போலின், தண்ணீரில் தலைகுப்புறக் குதிப்பது எல்லாம் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை வேண்டாம். கழுத்து வலி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தே வைத்திருப்பது, நன்றாக நடந்த குழந்தை தடுமாறுவது, கை பலவீனமாவது, அடக்கத் தெரிந்த சிறுநீர் திடீரென்று அடக்க முடியாமல் போவது: இதில் எது தெரிந்தாலும் வகுப்பை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள்.

காதையும் மறக்காதீர்கள். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டிக் கேட்கும் திறன் குறைவது இவர்களிடம் மிகச் சாதாரணம். சத்தமான கூடத்தில் ஆசிரியர் சொல்வது பாதிதான் கேட்கும். அதைப் பார்ப்பவர்கள் "சொன்னா கேக்க மாட்டேங்குறா" என்பார்கள். முன் வரிசையில் நிறுத்தச் சொல்லுங்கள். நீர் கட்டாமல் இருக்கக் காதில் சிறு குழாய் வைத்திருந்தால், நீச்சலுக்கு முன் காது மருத்துவரின் சம்மதம் வேண்டும். சில வாரங்களாகச் சோர்ந்தே இருந்தால் சோம்பல் என்று விட்டுவிடாதீர்கள். தைராய்டு, இரவில் மூச்சுத் தடைபடும் குறட்டை இரண்டையும் பரிசோதிக்க வேண்டும்.

இனி ஆசிரியர். வகுப்பு தேறுவதும் தேறாததும் பெரும்பாலும் இவர் கையில்தான். "டவுன் சிண்ட்ரோம் பத்தித் தெரியுமா?" என்று கேட்பதால் பயன் குறைவு. மகளைப் பற்றி ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். அவளுக்கு என்ன பிடிக்கும், கழிப்பறை போக வேண்டுமென்றால் எப்படிக் காட்டுவாள், எந்த அசைவு கூடாது, இவ்வளவு போதும். கூடவே ஒன்றைச் சொல்லிவையுங்கள்: சொன்னதும் செய்யமாட்டாள், சற்று நேரம் கழித்துச் செய்வாள். "கையைத் தூக்கு" என்றதும் மற்றவர்கள் தூக்கி இறக்கிவிடுவார்கள், அப்போதுதான் இவள் கை மேலே போகும். அந்த இடைவெளியில் ஆசிரியர் திரும்பத் திரும்பச் சொன்னால் குழந்தை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டியிருக்கும். ஒருமுறை சொல்லி, ஆடிக் காட்டி, மனசுக்குள் பத்து எண்ணட்டும்.

வகுப்பு முடிந்ததும் தரையில் உட்கார்ந்துகொண்டு எழ மறுப்பாள். இதைப் பலரும் அடம் என்று நினைத்துக் கையைப் பிடித்து இழுப்பார்கள். பெரும்பாலும் அது "நான் இன்னும் ஆடி முடிக்கலை" என்று சொல்லும் விதம். சொல்ல வார்த்தை வராததால் உட்கார்ந்துவிடுகிறாள். கடைசிப் பாட்டு எது என்று முன்கூட்டியே பழக்குங்கள். கூடம், செருப்பு, வண்டி, வீடு என்று நாலு படங்களை ஓர் அட்டையில் ஒட்டிக் காட்டினால் அடுத்து என்ன என்பது அவளுக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று, கொஞ்சம் கசப்பாக இருக்கலாம். எல்லோரையும் ஓடிப் போய்க் கட்டிப்பிடிக்கும் பழக்கம் இருந்தால் இப்போதே மாற்றுங்கள். 6 வயதில் "எவ்வளவு பாசம்!" என்று ரசிப்பவர்களே 16 வயதில் முகம் சுளிப்பார்கள். தவறாகப் பயன்படுத்திக்கொள்ளவும் ஆள் இருக்கும். வீட்டாருக்குக் கட்டிப்பிடி, மற்றவர்களுக்கு உள்ளங்கையோடு உள்ளங்கை ஒரு தட்டு என்று விதி வையுங்கள். ஆசிரியரும் உறவினர்களும் அதையே கடைப்பிடிக்க வேண்டும்.

கேலிக்கு வருவோம். சின்னக் குழந்தைகள் பெரும்பாலும் புரியாமல்தான் கேட்கிறார்கள். "அவளுக்குப் பேச்சு மெதுவா வரும். நீ சொல்றது புரியும், கொஞ்சம் காத்திரு" என்றால் போதும், அடுத்த விளையாட்டுக்குப் போய்விடுவார்கள். வகுப்பில் அவளிடம் தானாக வந்து நிற்கும் ஒரு குழந்தையைக் கவனியுங்கள். அந்த ஒருத்தியை மட்டும் வீட்டுக்கு அழையுங்கள். பந்து உருட்டுவது, நீர்க்குமிழி ஊதுவது என்று பேச்சு அதிகம் தேவைப்படாத விளையாட்டாக இருக்கட்டும். இருவரும் களைப்பதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

இவளைப் போன்ற குழந்தைகளைச் சந்திக்க ஸ்பெஷல் ஒலிம்பிக்ஸ் நல்ல வழி. அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக 1968-ல் தொடங்கிய விளையாட்டு அமைப்பு, பல நாடுகளில் கிளைகள் உண்டு. போட்டியில் கலந்துகொள்ள 8 வயதாக வேண்டும். 2 முதல் 7 வயது வரை உள்ளவர்களுக்கு விளையாட்டுப் பயிற்சித் திட்டம் தனியாக இருக்கிறது, உங்கள் மகள் அதில் சேரலாம். மார்ச் 21 உலக டவுன் சிண்ட்ரோம் தினம். இவர்களுக்கு 21-ஆம் குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் மூன்றாம் மாதத்தில் அந்தத் தேதி. அன்று நடக்கும் நிகழ்ச்சிகளுக்குப் போனால் மற்ற குடும்பங்களை எளிதில் பார்க்கலாம்.

பெற்றோர் குழு ஒன்றில் சேரும்போது அங்கே டவுன் சிண்ட்ரோம் உள்ள இளைஞர்களும் பெரியவர்களும் வருகிறார்களா என்று பாருங்கள். வளர்ந்த நாடுகளில் இவர்களின் சராசரி ஆயுள் இன்று 60-ஐ எட்டிவிட்டது. மகளின் நாளை எப்படி இருக்கும் என்று அவர்களைப் பார்த்தால்தான் தெரியும். மாத்திரையாலும் சத்து மருந்தாலும் புத்தியைக் கூட்டலாம் என்று விற்கும் குழு என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

புதிய வகுப்புக்கு இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். எத்தனை அடவு கற்றாள் என்று எண்ண வேண்டாம். கிளம்பும்போது ஆசையாகக் கிளம்புகிறாளா, அங்கே யாராவது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களா? ஓரத்தில் உட்காரவைத்து ஒருவரைக் காவலுக்கு வைத்திருந்தால் வகுப்பை மாற்றுங்கள். வகுப்பில் அடிக்கடி வரும் சொற்களை, தோழிகளின் பெயர்கள் உட்பட, எழுதி ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் கொடுங்கள். அடுத்த சில வாரங்களின் பயிற்சியில் அவர் அந்தச் சொற்களையே சேர்த்துக்கொள்வார்.