விதைத்த வயலில் நாரைக் கூட்டம்: என்ன மருந்து போடலாம்?

கேள்வி: வணக்கம் ஐயா. யாழ்ப்பாணம் தென்மராட்சியில் பன்னிரண்டு பரப்பு வயல், காலபோகத்துக்கு, அதாவது மாரி நெற்செய்கைக்கு, விதைத்து மூன்று கிழமை. நெல் இலையை மடித்துத் தின்னும் மடிச்சுக்கட்டிப் புழுவுக்கு ஒருமுறை மருந்தடித்தாயிற்று. இப்போது வெள்ளை நாரைகள் கூட்டமாக இறங்கிப் பயிரை மிதிக்கின்றன. ஒன்றுக்கு மட்டும் அலகும் காலும் நல்ல சிவப்பு. தவளைக்குள் குருணை மருந்தை வைத்துப் போடும்படி மருந்துக்கடையில் சொன்னார்கள். எவ்வளவு போடுவது?

பதில்: தம்பி, ஒரு குருணைகூடப் போடாதீர்கள். அந்தத் தவளையை நாயும் கீரியும் தின்னும். நாங்கள் குடிப்பது சுண்ணக்கல்லுக்குள் இறங்கிய மழைத்தண்ணீர்; வயலில் கொட்டும் நஞ்சும் அதே வழியில் கிணற்றுக்குப் போகும். இப்படி யோசனை சொல்பவருக்கு விற்கத்தான் தெரியும்.

நாரை நெல் தின்னாது. கூட்டமாக வருபவை பெரும்பாலும் நத்தைகுத்தி நாரைகள். அலகை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும், நத்தைதான் அவற்றின் சாப்பாடு. அலகும் காலும் சிவந்தது செங்கால் நாரையாக இருக்கலாம். அது இலங்கைக்கு மாரியில் அபூர்வமாக வரும் விருந்தாளி. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூரைகளிலும் மரங்களிலும் கூடு கட்டி, 33 நாள் அளவில் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கும். அலகைப் படபடவென்று தட்டித்தான் ஒன்றையொன்று வரவேற்கும். 1822இல் ஜேர்மனியில் ஒன்று கழுத்தில் ஆபிரிக்க ஈட்டியோடு வந்து சேர்ந்தபோதுதான், அது மாரியை எங்கே கழிக்கிறது என்பதற்குக் கையில் சான்று கிடைத்தது. வெட்டுக்கிளி, வண்டு, எலி என்று உங்கள் எதிரிகளையே தின்னும் பறவை அது.

மிதிப்பது உண்மைதான். ஆனால் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில்தான் அவை மேயும். வாய்க்கால் வெட்டி வடியவிடுங்கள். வரம்பில் தடி நட்டு மினுங்கும் நாடா கட்டுங்கள். அழிந்த இடத்தில், நெருக்கமாக முளைத்த பக்கத்திலிருந்து பிடுங்கி ஊன்றுங்கள். மட்டம் வெடித்து, அடியிலிருந்து பக்கக் கிளைகள் வந்த பிறகு மிதி பெரிதாகத் தாக்காது.

எனக்குக் கவலை நாரை அல்ல, நீங்கள் ஏற்கெனவே அடித்த மருந்து. விதைத்து 40 நாளைக்குள் மடிச்சுக்கட்டிக்கு மருந்து வேண்டாம் என்று எத்தனை தரம் எழுதினாலும் கமக்காரர் கேட்பதில்லை. அந்த வயதில் இலை மடிந்த பயிர் தானாகத் தேறும். மருந்தில் முதலில் சாவது சிலந்தி. சிலந்தி போனால் அதற்கு இரையாகும் கபிலநிறத் தத்தி, பயிரின் அடியில் சாறு உறிஞ்சும் பூச்சி, பெருகும்; அதற்கு இன்னொரு போத்தல் வாங்குவீர்கள். கடைக்கு இரண்டு வியாபாரம், உங்களுக்கு இரண்டு செலவு. நஞ்சு பட்ட பூச்சியைத் தவளை தின்னும், தவளையை நாரை தின்னும். குருணை வைக்காமலே பாதி வேலை நடந்துவிடுகிறது.

இனிப் போத்தலை எடுக்குமுன் காலையில் வயலுக்குள் இறங்கி, பயிரின் அடியை விரித்துப் பாருங்கள். சிலந்தி இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். தத்தி மொய்த்திருந்தால் இரண்டு பயிரைப் பிடுங்கிக்கொண்டு கமநல சேவை நிலையத்தில் விவசாயப் போதனாசிரியரைப் பாருங்கள், கடைக்குப் போகாதீர்கள். அந்தச் சிவப்பு அலகு நாரையைத் தூரத்திலிருந்தே படம் எடுத்து, நாளும் இடமும் எழுதி அனுப்புங்கள்.