யூத மதத்திற்கு மாறியவர்களை யூதச் சமூகம் தங்களவராக ஏற்றுக்கொள்கிறதா?

தங்கள் தோழி ஒருவர் இஸ்ரேலைச் சேர்ந்த ஒருவரை மணப்பதற்காக யூத மதத்திற்கு மாற எண்ணுவதாகவும், அந்தச் சமூகம் அவரை உண்மையிலேயே தங்களவராக ஏற்குமா, கடைசிவரை வெளியிலிருந்து வந்தவராகவே பார்க்குமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு யூதப் பின்னணி கிடையாது. ஆனால் கொச்சியில் ஆறு ஆண்டுகள் பணிபுரிந்தபோது, மட்டாஞ்சேரி யூதத் தெருவில் கேள்விப்பட்ட ஒரு வரலாறு என்னை இந்தக் கேள்வியையே தொடர்ந்து படிக்க வைத்தது. நான் புரிந்துகொண்டவரை, யூதச் சட்டம் மதம் மாறியவரை உடனே ஏற்றுக்கொண்டுவிடுகிறது. மனிதர்கள்தாம் அதற்குத் தலைமுறைகளை எடுத்துக்கொள்கிறார்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். மதம் மாற விரும்புபவர் ரப்பிகள் எனப்படும் யூத மத அறிஞர்கள் மூவர் அடங்கிய மன்றத்தின் முன் நின்று மதக் கட்டளைகளை ஏற்க வேண்டும். ஆணாக இருந்தால் விருத்தசேதனம் செய்துகொள்ள வேண்டும். ஆணோ பெண்ணோ 'மிக்வே' எனப்படும் சடங்குக் குளத்தில் முழுக வேண்டும். வருபவரிடம், யூதர்கள் ஒடுக்கப்பட்டும் துன்புற்றும் வாழ்வது தெரியாதா, ஏன் வந்தாய் என்று கேட்க வேண்டும் என்கிறது யூதச் சட்ட விளக்கங்களின் பழந்தொகுப்பான தல்மூத். தெரியும், ஆயினும் அதற்கு நான் தகுதியுடையவனா என்று அவர் பதில் சொன்னால், அப்போதே ஏற்றுக்கொள்ள வேண்டும். நீரில் முழுகி எழுந்த கணம் முதல் அவர் எல்லா வகையிலும் யூதர். அவருடைய பழைய வாழ்க்கையைச் சொல்லிக்காட்டி மனத்தைப் புண்படுத்துவது குற்றம் என்றும் அதே தல்மூத் விதிக்கிறது. திருமணத்திற்காக மாறுவதை ரப்பிகள் விரும்புவதில்லை. இருந்தாலும் முறைப்படி மாறிவிட்டால் அந்த மாற்றம் செல்லும் என்பதே தல்மூதின் முடிவு.

12ஆம் நூற்றாண்டில், மதம் மாறிய ஒபதியா என்பவர் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடஸுக்கு எழுதிக் கேட்டார்: தொழுகையில் 'எங்கள் முன்னோரின் இறைவா' என்ற சொற்களை நானும் சொல்லலாமா? அவருடைய முன்னோர் யூதர்கள் அல்லரே. மற்ற யூதர்களைப் போலவே ஒரு சொல்லையும் மாற்றாமல் சொல்லுங்கள் என்று எழுதினார் மைமோனிடஸ். ஆபிரகாமின் வழியில் வந்து சேர்ந்த ஒவ்வொருவருக்கும் ஆபிரகாமே தந்தை. நாங்கள் எங்கள் வம்சத்தை ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு வரை கொண்டுபோனால், நீங்களோ உலகைப் படைத்தவன் வரை கொண்டுபோகிறீர்கள் என்பது அந்தப் பதிலின் சாரம். ஒரு புதியவரின் கூச்சத்தை இத்தனை பரிவோடு போக்கிய வேறொரு கடிதத்தை நான் படித்ததில்லை.

இனி கொச்சிக்கு வருகிறேன். வெளிநாடுகளிலிருந்து வந்து குடியேறியதால் 'பரதேசி' எனப்பட்ட யூதர்கள் 1568இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்தின் சமூகத்தில் 'மெசுக்ராரிம்' என்று ஒரு பிரிவினர் இருந்தனர். எபிரேய மொழியில் விடுவிக்கப்பட்டவர்கள் என்று பொருள். அடிமைகளாக இருந்து யூத மதத்தில் சேர்க்கப்பட்டு விடுதலை பெற்றவர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் இப்பெயரால் அழைக்கப்பட்டனர். விடுதலை பெற்று முறைப்படி முழுகிய அடிமை முழு யூதர் என்பது சட்டம். கொச்சியில் பூர்விகக் குடும்பங்கள் மற்றவர்களை அடிமை வழியினர் என்று சொல்லித் திருமண உறவை மறுக்கும் செய்தி 16ஆம் நூற்றாண்டிலேயே கெய்ரோவில் இருந்த ரப்பி தாவீது இப்ன் சிம்ராவுக்குப் போயிற்று. முறைப்படி முழுகிவிட்டால் அவர்களோடு மண உறவு கொள்ளத் தடையில்லை என்று அவர் தீர்ப்பு எழுதினார். தீர்ப்பு வந்தது; வழக்கம் மாறவில்லை. இருபதாம் நூற்றாண்டிலும் அந்த மக்கள் ஆலயத்தின் உள்ளே இருக்கைகளில் அமர முடியாமல் முன்னறையில் இருந்தே தொழுதார்கள். மற்ற ஆண்களைப் போல் யூதர்களின் மறைநூலான தோராவை வாசிக்க அவர்கள் அழைக்கப்படவும் இல்லை.

அந்தப் பிரிவில் பிறந்து, சென்னையில் படித்து வழக்கறிஞரானவர் ஏ. பி. சலேம் (1882–1967). வைக்கம் போராட்டமும் கோயில் நுழைவு இயக்கமும் கேரளத்தை அசைத்துக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், காந்திய வழியைத் தன் சொந்த ஆலயத்திற்கு உள்ளேயே கொண்டுபோனவர் அவர். ஆலயத்தைப் புறக்கணித்தும், பின்னர் திரும்பி வந்து மறுக்கப்பட்ட உரிமைகளை ஒவ்வொன்றாகக் கேட்டும் அவர் நடத்திய போராட்டத்தால் தடைகள் மெல்லத் தளர்ந்தன. 1950இல் அவருடைய மகன் பரதேசிக் குடும்பத்துப் பெண் ஒருவரை மணந்தார். அந்தத் திருமணமும் கொச்சியில் நடக்கவில்லை, பம்பாயில்தான் நடந்தது. கெய்ரோவிலிருந்து தீர்ப்பு வந்து ஏறத்தாழ நானூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த ஆலயத்தின் முன்னறையைக் கடந்து உள்ளே நடக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கு எனக்கு நினைவுக்கு வந்து வலிக்கும்.

இன்றைய இஸ்ரேலில் சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. மதம் மாறியவர் யூதரா என்ற கேள்வியைவிட, அவரை மாற்றிய ரப்பிகள் யார் என்ற கேள்வியே அங்கு பெரிது. யூதர்களுக்கு இஸ்ரேலில் குடியேறும் உரிமை தரும் தாயகம் திரும்பும் உரிமைச் சட்டத்தின் 1970ஆம் ஆண்டுத் திருத்தம் மதம் மாறியவரையும் யூதர் என்றே சொல்கிறது. எந்தப் பிரிவின் முறைப்படி மாற வேண்டும் என்று அது சொல்லவில்லை. இஸ்ரேலுக்குள்ளேயே, வைதிகம் சாராத சீர்திருத்தப் பிரிவிலும் கன்சர்வேட்டிவ் பிரிவிலும் மாறியவர்களுக்கும் குடியுரிமை உண்டு என்று 2021 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அங்கே யூதர்களின் திருமணமும் மணமுறிவும், மரபுச் சட்டத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் வைதிக (ஆர்த்தடாக்ஸ்) ரப்பிகளின் ஆளுகையில் உள்ளன. அவர்கள் இந்த மாற்றங்களை ஏற்பதில்லை. வைதிக முறையில் மாறியவருக்கும் முழு நிம்மதி இருந்ததில்லை. மதம் மாறிப் பதினைந்து ஆண்டுகள் ஆன ஒரு பெண் விவாகரத்துக்காக அஷ்தோத் ரப்பி நீதிமன்றத்துக்குப் போனபோது, அவர் கட்டளைகளைச் சரியாகக் கடைப்பிடிக்கவில்லை என்று சொல்லி, அவரும் அவருடைய பிள்ளைகளும் யூதரல்லர் என்று அறிவித்துவிட்டார்கள். 2008இல் மேல்முறையீட்டு ரப்பி நீதிமன்றமும் அதை உறுதிசெய்து, அரசே அமைத்த மதமாற்ற மன்றம் வழங்கிய ஆயிரக்கணக்கான மாற்றங்களைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கியது. உச்ச நீதிமன்றம் 2012இல்தான் அதை நீக்கியது. நீரில் முழுகி எழுந்தவரை யூதர் என்று சொன்ன சட்டத்தின் பெயராலேயே இப்படி ஒரு தாயையும் பிள்ளைகளையும் தவிக்க விட்டதை என்னால் ஏற்க இயலவில்லை.

ஆகவே தங்கள் தோழி, யாரிடம் மதம் மாறப் போகிறாரோ அந்த ரப்பி மன்றத்தை இஸ்ரேலின் தலைமை ரப்பி அலுவலகம் ஏற்கிறதா என்பதைத் தொடக்கத்திலேயே எழுத்துமூலம் கேட்டுக்கொள்ளட்டும். மணமகன் கோஹேன் எனப்படும் குருக்கள் குலத்தவரா என்பதையும் இப்போதே கேட்கச் சொல்லுங்கள். அக்குலத்தவர் மதம் மாறிய பெண்ணை மணக்க வைதிகச் சட்டத்தில் இடமில்லை, இதை நிச்சயதார்த்தத்திற்குப் பிறகு அறிந்து உடைந்துபோனவர்கள் உண்டு. மாற்றத்துக்கு முந்தைய படிப்புக்கும் பயிற்சிக்கும் மாதக்கணக்கில், பெரும்பாலும் ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். அந்தக் காலத்தில் அவர் எந்த ஆலயத்தில் தொழுகிறாரோ அங்குள்ள குடும்பங்கள் வெள்ளி மாலை தொடங்கும் ஓய்வுநாளின் இரவு விருந்துக்கு அவரை வீட்டுக்கு அழைக்கின்றனவா என்று கவனிக்கட்டும்.