யாருக்கும் தெரியாமல் நிறுத்த முடியுமா? – கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். ஆறேழு வருடமாக உங்களை வாசிக்கிறேன். இதுவரை எழுதியதில்லை. இதை எழுதவே மூன்று நாள் ஆயிற்று.

எனக்கு 44 வயது. கணவருக்குப் பின்னலாடைத் தொழில். மகள் படிப்பை முடித்துவிட்டாள், வரன் பார்க்கிறோம். நான் குடிக்கிறேன் அக்கா. தொழில் விருந்துகளில் ஒயின் என்று ஆரம்பித்தது. அம்மா போன பிறகு தூக்கத்துக்காக என்று ஆனது. இப்போது தினமும் ஒரு குவார்ட்டர், சில நாள் அதற்கும் மேல். அபார்ட்மென்ட் வாட்ச்மேன் வாங்கித் தருகிறார், வெளியே சொல்லாமல் இருக்க அவருக்குத் தனியாகக் காசு கொடுக்கிறேன். பாட்டிலை அரிசி டிரம்முக்குள் புதைத்து வைக்கிறேன். காலையில் காபி டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தால்தான் சிந்தாமல் இருக்கிறது.

தீபாவளிக்கு அப்புறம் ஒரு முறை நானே நிறுத்தினேன். இரண்டாம் நாள் ராத்திரி சுவர் முழுக்க எறும்பு ஊர்வது போலத் தெரிந்தது. பயந்துபோய் மறுபடி குடித்துவிட்டேன். அவ்வளவுதான் என் மன உறுதி.

கணவருக்குத் தெரியும். "டாக்டர்கிட்ட போனா ஊருக்கே தெரிஞ்சிரும், பொண்ணு வாழ்க்கை போயிரும், நீயா விட்டுடு" என்கிறார். நாத்தனார் சொல்லி ஒரு பொடி வாங்கி வைத்திருக்கிறார். குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்தால் போதுமாம். மகளுக்கு எதுவும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை சமையல் அவளுடையது, அன்றைக்காவது நான் தெளிவாக இருக்கப் பார்க்கிறேன். யாருக்கும் தெரியாமல் இதை நிறுத்த ஒரு வழி சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம்)

---

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றித்தான் இதை வெளியிடுகிறேன். முதலில் அவசரமான விஷயம். மருத்துவரைப் பார்க்கும் வரை, நீங்களாக வீட்டில் சட்டென்று நிறுத்த வேண்டாம். மறுபடி அந்த எறும்புகள் தெரிந்தாலோ, வலிப்பு வந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐ அழைத்து அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

அந்த எறும்புகளை வைத்து உங்கள் மன உறுதியை அளக்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மது மூளையை அமுக்கி வைக்கும் பொருள். தினமும் அமுக்கினால், அதை மீறி வேலை செய்ய மூளை தன்னைத்தானே முடுக்கி வைத்துக்கொள்ளும். அமுக்கிய கையை ஒரே நாளில் எடுத்தால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்கும், வேர்க்கும், தூக்கம் போகும். வலிப்பு வருவதென்றால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை ஜன்னி கண்டு ஆள் அடையாளம் தெரியாமல் போகலாம். உயிரும் போகலாம். உங்கள் காலை நேரக் கைநடுக்கம் இதன் வாசல். நீங்கள் அந்த ராத்திரி ஏற்கெனவே உள்ளே கால் வைத்துவிட்டுத் திரும்பியிருக்கிறீர்கள்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. என் சித்தி இப்படித்தான் போனாள்.

கும்பகோணம் பக்கம். 1986. சித்திக்கு அப்போது 38 வயது. கடைசிப் பிரசவத்துக்குப் பிறகு உடம்பு தேற வேண்டும் என்று பாட்டிதான் ராத்திரியில் ஒரு மூடி பிராந்தி கொடுத்தாள். எங்கள் பக்கத்துப் பல வீடுகளில் அது பத்தியத்தில் சேர்ந்தது, யாரும் அதைக் குடி என்று சொல்ல மாட்டார்கள். பத்தியம் முடிந்தும் மூடி நிற்கவில்லை. சில வருடங்களில் அது டம்ளர் ஆயிற்று. ஒரு கல்யாண வீட்டில் சித்தி தடுமாறி விழ, அன்று ராத்திரியே பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்தார்கள். மறுநாளிலிருந்து பின்கட்டு அறையில் வைத்துப் பூட்டினார்கள். ஒரு வாரம் அடைத்து வைத்தால் சரியாகிவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

எனக்கு 19 வயது. சாப்பாட்டுத் தட்டைக் கதவுக்குக் கீழே தள்ளிவிடுவது என் வேலை. முதல் நாள் சித்தி என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். இரண்டாம் நாள் ராத்திரி வேறு யாருடைய பெயரையோ சொல்லிக் கூப்பிட்டாள். தரையில் எதையோ பெருக்கித் தள்ளுகிற மாதிரி கையால் தேய்க்கும் சத்தம் விடாமல் கேட்டது. கதவைத் திறக்காதே என்று சொல்லியிருந்தார்கள். நான் திறக்கவில்லை. மூன்றாம் நாள் விடிகாலையில் வலிப்பு வந்தது. காத்துக் கருப்பு என்று சொல்லி மந்திரிக்க ஆள் கூட்டி வந்தார்கள். வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. மஞ்சள் காமாலை என்று ஊருக்குச் சொன்னோம். அவள் பிள்ளைகளுக்கும் அதையேதான் சொல்லியிருக்கிறோம்.

ஒரு மருத்துவமனைப் படுக்கை, நடுக்கத்தைத் தணிக்கும் மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துக் கொடுக்க ஒரு வாரம், தயமின் என்கிற பி1 வைட்டமின் ஊசி. இவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். குடித்துக் குடித்து உடம்பில் அந்த வைட்டமின் வற்றிப் போனால் மூளை நிரந்தரமாகக் கெடும், அதனால்தான் அந்த ஊசி. அன்றைக்கே இதெல்லாம் இருந்தது. குடும்பத்தில் எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் நாங்கள் வெளியே போகவில்லை. மானம் போய்விடும் என்று போகவில்லை. "யாருக்கும் தெரியாமல்" என்று நீங்கள் எழுதிய இடத்தில் என்னால் மேலே படிக்க முடியாமல் போனது அதனால்தான்.

சரி, உங்கள் கணவரின் பயத்துக்கு வருகிறேன். ஊருக்குத் தெரிந்துவிடும் என்கிறார். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் மதுவால் வரும் மனநலப் பிரச்சினையும் அடக்கம். சிகிச்சை விவரத்தை ரகசியமாக வைத்திருப்பது நோயாளியின் உரிமை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. மருத்துவர் அதை உங்கள் சம்பந்தி வீட்டிடம் சொல்ல முடியாது. வாட்ச்மேனை எந்தச் சட்டமும் கட்டுப்படுத்தாது. இன்றைக்கு உங்கள் ரகசியம் யார் கையில் இருக்கிறது என்று உங்கள் கணவர் ஒரு நிமிடம் யோசிக்கட்டும்.

அந்தப் பொடியை இன்றைக்கே குப்பையில் போடுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சில சமயம் இப்படித் திருட்டுத்தனமாகக் கலக்கப்படுவது டைசல்ஃபிரம் என்கிற மருந்து. அது நல்ல மருந்துதான், ஆனால் சாப்பிடுகிறவருக்குத் தெரிந்து, மருத்துவர் சோதித்துப் பார்த்துத் தர வேண்டியது. அது உடம்பில் இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி வந்து, ரத்த அழுத்தம் விழுந்துவிடும். சாவும் நேரலாம். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேலை மிச்சம் இருக்கும். குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்க நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்ற வேறு மருந்துகளும் உண்டு. எது உங்கள் ஈரலுக்குத் தாங்கும் என்பதை ரத்தப் பரிசோதனை பார்த்து மருத்துவர் முடிவு செய்யட்டும். பெண் உடம்பில் நீர் குறைவு. அதே அளவு குடித்தாலும் ரத்தத்தில் அதிகமாக ஏறும், ஆணைவிடக் குறைந்த வருடங்களிலேயே ஈரல் கெடும். அதனால் இந்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடாதீர்கள்.

உங்கள் நிலையில் இருந்த இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்க ஜனாதிபதி ஜெரால்ட் ஃபோர்டின் மனைவி பெட்டி ஃபோர்ட். வெள்ளை மாளிகையை விட்டு வந்த அடுத்த வருடம், 1978-ல், கணவரும் பிள்ளைகளும் அவரைச் சுற்றி உட்கார்ந்து, உன் குடியும் மாத்திரையும் எங்களை என்ன செய்கிறது தெரியுமா என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவர் கோபப்பட்டார், அழுதார், அப்புறம் போனார். லாங் பீச் கடற்படை மருத்துவமனையில் நான்கு பேர் தங்கும் அறையைக் காட்டியதும், எனக்குத் தனி அறை வேண்டும் என்றார். அப்படியானால் மற்றப் பெண்களை வெளியே போகச் சொல்கிறேன் என்றார் மருத்துவர். வேண்டாம் என்று சொல்லி அந்த அறையிலேயே தங்கினார். அப்போதும் வலி மாத்திரைப் பழக்கம் என்று மட்டும்தான் வெளியே சொன்னார்கள். மது என்ற சொல்லைச் சொல்ல மேலும் சில நாள் பிடித்தது. மாத்திரை என்றால் பாவம் என்பார்கள், குடி என்றால் என்ன சொல்வார்கள் என்று உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. குழுவில் இன்னொரு பெண், என் குடியால் வீட்டில் யாருக்கும் கஷ்டமில்லை என்று சொன்னபோதுதான் இவர் எழுந்து, நான் குடிநோயாளி, என் குடி என் குடும்பத்தைக் காயப்படுத்தியிருக்கிறது என்றார். 1982-ல் தன் பெயரிலேயே ஒரு சிகிச்சை மையத்தைத் தொடங்கி, அதில் பாதி இடத்தைப் பெண்களுக்கு ஒதுக்க வைத்தார். 2011-ல், 93 வயதில் இறந்தார். அறுபது வயதுக்கு மேல் முப்பத்துச் சொச்சம் வருடம் தெளிவாக வாழ்ந்திருக்கிறார்.

நீங்கள் மேடையேறிச் சொல்ல வேண்டாம். சம்பந்தி வீட்டுக்குச் சொல்ல வேண்டாம், நாத்தனாருக்கும் சொல்ல வேண்டாம். ஆனால் ஒரு மருத்துவருக்கும், கூட வர ஒரு ஆளுக்கும், நின்ற பிறகு பேச ஒரு பெண்ணுக்கும் தெரிந்தே ஆக வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் இதற்குச் சிகிச்சை உண்டு. எங்கே போவது என்று குழப்பமாக இருந்தால் 14416 எண்ணை அழையுங்கள், டெலி மானஸ் என்கிற அரசின் மனநல உதவி எண், தமிழில் பேசலாம், காசில்லை. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று, குடியை விட்டவர்களும் விட நினைப்பவர்களும் கூடிப் பேசும் அமைப்பு ஒன்று உண்டு. அதன் கூட்டங்களில் முழுப் பெயர் கேட்க மாட்டார்கள், கட்டணம் கிடையாது. பெண்களுக்கு மட்டுமான இணையக் கூட்டங்களும் நடக்கின்றன.

நின்ற பிறகு என்ன ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை. என் தோழி ஒருத்தி, ஆசிரியை, ஒன்பது வருடமாகக் குடிக்கவில்லை. பகல் சமாளித்துவிடலாம், சாயங்காலம் ஆறு மணிதான் கஷ்டம் என்பாள். கை தானாக அந்த அலமாரிப் பக்கம் போகுமாம். அந்த நேரத்துக்கென்று மொட்டை மாடியில் பதினெட்டு தொட்டி வைத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு சொம்பு, கீழிருந்து தூக்கிக்கொண்டு போய் ஊற்றுவாள். முடிக்க ஏழு மணி ஆகிவிடும். முதல் மாதம் தூக்கமே இல்லை, இனிப்பாக ஏதாவது தின்றுகொண்டே இருந்தாள். நான்காம் மாதம் ஒரு நாள் வழுக்கிவிட்டது. மறுநாள் காலையில் கூட்டத்துக்குப் போய் அதைச் சொன்னாள். சாயங்காலம் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றினாள். உங்களுக்கும் வழுக்கலாம். வழுக்கினால் மறுநாளே சொல்லிவிடுங்கள்.

கடைசியாக ஒன்று. மகளுக்கு எதுவும் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை சமையல் அவளுடையது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அரிசியை அவள்தானே அளக்கிறாள்? அந்த டிரம்முக்குள் அவள் கை எத்தனை ஞாயிறு போயிருக்கும்?

அவளுக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். நீங்கள் உடைந்துவிடக் கூடாதே என்று, பாட்டிலை இருந்த மாதிரியே மூடி வைத்துவிட்டு உலை வைத்துக்கொண்டிருக்கிறாள். இந்த ஞாயிறு அவள் அரிசி அளக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள். நீங்களே பாட்டிலை எடுத்து வெளியே வையுங்கள். அழுதால் இரண்டு பேரும் அழுங்கள். திங்கட்கிழமை காலையில் ஆஸ்பத்திரிக்கு அவளையே கூட்டிக்கொண்டு போங்கள். ஓ.பி. சீட்டு வாங்க எட்டு மணிக்கெல்லாம் போய்விடுவது நல்லது.

போய் வந்ததும் ஒரு வரி எழுதுங்கள். காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா