பியெர்தான் ஆளற்ற ஊர் அல்ல

ருமேனியாவின் திரான்சில்வேனியாப் பகுதியில் ஜெர்மானியர்கள் கைவிட்டுப் போன ஆளற்ற கிராமங்களில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். அண்மைக் காலத்தில் ருமேனியாவுக்கு வேலைக்கு வந்திருக்கும் நம்மவர்களில் நீங்களும் ஒருவர் என்றும், ஒரு விடுமுறை நாளையாவது டிராகுலா கோட்டைக் கூட்ட நெரிசலுக்கு வெளியே கழிக்க விரும்புகிறீர்கள் என்றும் எடுத்துக்கொள்கிறேன். பியெர்தானுக்குப் போங்கள். ஆனால் அந்த மக்கள் ஊரைக் கைவிட்டார்கள் என்பதையும் அங்கே இப்போது ஆளில்லை என்பதையும் என்னால் ஏற்க முடியவில்லை. இந்தப் பதிலை எழுதுவதே அதற்காகத்தான்.

பியெர்தான், ரிக்கிஷ், கோப்ஷா மாரே ஆகிய மூன்று ஊர்களும் சேர்ந்த ஊராட்சி அது. சிபியு மாவட்டத்தில், மெதியாஷ் நகருக்கு அருகே உள்ளது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஹங்கேரி மன்னர் இரண்டாம் கேசாவின் அழைப்பின் பேரில் திரான்சில்வேனியாவுக்கு வந்து குடியேறிய, சாக்சன்கள் எனப்படும் ஜெர்மானியர்களின் வழியினர்தாம் குன்றின் மேலுள்ள அந்தப் பெரிய தேவாலயத்தையும் அதைச் சூழ்ந்த மதில் அடுக்குகளையும் கட்டினார்கள். 1572 முதல் 1867 வரை, கத்தோலிக்கத்திலிருந்து பிரிந்த புராட்டஸ்டண்ட் பிரிவான லூத்தரன் சபையின் ஆயரது இருக்கை அங்கேதான் இருந்தது. 1993-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஊர் இடம்பெற்றது. ஒரே சாவியைத் திருப்பினால் பல தாழ்கள் ஒருசேர இயங்கும் அறைக்கதவை எல்லோரும் படமெடுக்கிறார்கள். ஊரே லூத்தரன் சபைக்கு மாறிய பிறகும் கத்தோலிக்கராகவே நின்றவர்கள் வழிபடுவதற்கென மதிலுக்குள்ளேயே விடப்பட்ட கோபுரத்தையும் தவறாமல் பாருங்கள். என் கண்ணில் அதுவே அங்குள்ளவற்றில் உயர்ந்தது.

நான் மெதியாஷில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த காலத்தில், உடன் பணியாற்றிய ருமேனிய அம்மையார் ஒருவர் திராட்சை அறுவடை சமயத்தில் ரிக்கிஷில் இருந்த தம் தாயார் வீட்டுக்கு என்னை அழைத்துப் போனார். எண்பதைக் கடந்திருந்த அந்தப் பாட்டியின் தந்தை, ஊரின் விளிம்பில் குடியிருந்துகொண்டு சாக்சன்களின் தோட்டங்களில் கூலிக்கு உழைத்தவர். 1945 ஜனவரியில், சோவியத் உத்தரவின்படி, 17 முதல் 45 வயது வரையிலான ஜெர்மானிய ஆண்களையும் 18 முதல் 30 வயது வரையிலான பெண்களையும் சோவியத் ஒன்றியத்தின் சுரங்கங்களிலும் ஆலைகளிலும் கட்டாய உழைப்புக்கு அனுப்பினார்கள். ருமேனியா முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 70,000 பேர். தன்னைத் தூக்கி வளர்த்த பக்கத்து வீட்டுப் பெண்ணும் அவர்களோடு போனதைச் சிறுமியாக இருந்து பார்த்தவர் பாட்டி. அதே ஆண்டு நிலச் சீர்திருத்தத்தில் சாக்சன்களின் நிலம் பறிக்கப்பட்டு, அதில் ஒரு துண்டு அவர் தந்தைக்குக் கிடைத்தது. 1962-க்குள் முடிந்த கூட்டுப்பண்ணையாக்கத்தில் அதையும் அரசே எடுத்துக்கொண்டது. கொடுத்த கையே பறித்ததை அவர் சொன்னபோது, பக்கத்து வீட்டாருக்கு உரியதை வாங்கிக்கொண்டோமே என்ற கூச்சம் இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவர் பேச்சில் இருந்தது.

பக்கத்து வீட்டுப் பெண் சுரங்கத்திலிருந்து உயிரோடு திரும்பி வந்து, 1990 வரை அதே வீட்டில் வாழ்ந்தார். ருமேனியாவின் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி மேற்கு ஜெர்மனியிடம் தலைக்கு இவ்வளவு என்று பணம் வாங்கிக்கொண்டு இம்மக்களை வெளியே விட்டதும், 1974-ஆம் ஆண்டு ஆணைப்படி வெளியேறுபவர் வீட்டை அரசுக்கே விற்றாக வேண்டியிருந்ததும் வரலாற்றில் பதிவானவை. 1989-இல் அந்த ஆட்சி கவிழ்ந்த பிறகு, 1990-இல் மட்டும் ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் புறப்பட்டார்கள். 1930 கணக்கெடுப்பில் சுமார் 7,45,000 ஆக இருந்த ருமேனிய ஜெர்மானியர்கள் 2021-இல் 23,000-க்கும் குறைவு. இதற்குக் கைவிட்டுப் போதல் என்று பெயர் சொல்வது அநியாயம்.

சாக்சன்களுக்காக வழக்காடுகிறேன் என்று யாரேனும் சொல்லக்கூடும். 1943-இல் ஜெர்மனியும் ருமேனியாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்துக்குப் பின் அவர்களில் பல்லாயிரம் பேர் ஹிட்லரின் எஸ்எஸ் படையில் சேர்ந்தார்கள் என்பதை நான் அறிவேன், மறைக்கவும் இல்லை. ஆயினும் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டவர்கள் குற்றம் விசாரிக்கப்பட்டுப் போகவில்லை. வயதும் இனமும் பார்த்தே பிடிக்கப்பட்டார்கள்.

என்னை மேலும் வருத்துவது, கேமராவோடு வருபவர்கள் இன்று அங்கு வாழ்பவர்களை ஒரு பொருட்டாகவே கருதாதது. அந்தப் பக்கத்து வீட்டில் இப்போது ரோமா (ஜிப்சி) இனத்துக் குடும்பம் ஒன்று இருக்கிறது. ஓடு மாற்றி, முற்றத்தில் காய்கறி பயிரிட்டு வாழ்கிறார்கள். நாங்கள் வாசல் பெஞ்சில் அமர்ந்திருந்தபோதே ஒரு சுற்றுலாக் குழுவின் வழிகாட்டி இது செத்துப்போன ஊர் என்று விளக்கிக்கொண்டு போனார். மகள் அதை மொழிபெயர்த்துச் சொன்னதும் பாட்டி, "அப்படியென்றால் நாங்கள் யார்?" என்று கேட்டார். சாக்சன்கள் போனதற்காக அழுத அவர், அவர்களுக்காக மட்டும் இரங்கும் அந்நியர்கள் தம்மைக் காணாமலேயே கடந்து போவதைக் கண்டு கோபப்பட்டார். அந்தக் கோபத்தில் முழு நியாயம் இருந்தது.

ஆகவே தேவாலயத்தைக் காலையில் பார்த்துவிட்டு, மதியத்துக்கு மேல் ரிக்கிஷுக்குப் போங்கள். அங்குள்ள தேவாலயத்தின் கல் வேலைப்பாடும் சிறப்பானது. பூட்டியிருந்தால் தெருவில் இருப்பவர்களிடம் கேளுங்கள். சில ருமேனிய வார்த்தைகளேனும் கற்றுக்கொண்டு போனால் பெஞ்சில் இருக்கும் முதியவர்கள் பேசுவார்கள். வீடுகளையும் குழந்தைகளையும் அனுமதி கேட்காமல் படமெடுக்க வேண்டாம்.