இரண்டாவது புள்ளி எங்கிருந்து வருகிறது?

கேள்வி: பென்சைலமீனையும் மெத்தில் அக்ரிலேட்டையும் மெத்தனாலில் சேர்த்து அசா-மைக்கேல் வினை (அமீனின் நைட்ரஜன் அக்ரிலேட்டின் இரட்டைப் பிணைப்பில் சேரும் வினை) செய்கிறேன். மிஞ்சும் அக்ரிலேட் ஆவியாகிவிடும் என்று ஒன்றரை மடங்கு போட்டேன். டி.எல்.சி.யில் (கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனிப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் தகட்டுச் சோதனை) இரண்டு புள்ளிகள். என்ன தவறு?

பதில்: அந்த ஒன்றரை மடங்குதான். ஒரு அக்ரிலேட்டுடன் சேர்ந்த பிறகும் நைட்ரஜனில் ஒரு ஹைட்ரஜன் மிச்சமிருக்கிறது. அதுவும் நல்ல அமீன்தான். அக்ரிலேட் கிடைத்தால் இன்னொன்றையும் பிடித்துக்கொள்ளும். அந்த இரட்டைச் சேர்க்கைதான் இரண்டாவது புள்ளி.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். 15 மில்லிமோல் பென்சைலமீனை (1.64 மி.லி.) 20 மி.லி. மெத்தனாலில் கரைத்து ஐஸில் வையுங்கள். 10 மில்லிமோல் அக்ரிலேட்டை (0.90 மி.லி.) 5 மி.லி. மெத்தனாலில் கரைத்து, அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக விடுங்கள். பிறகு இரவு முழுக்க அறை வெப்பத்தில் கலக்கட்டும். மிஞ்சும் அமீன் 185 டிகிரியில் கொதிப்பது, ரோட்டாவேப்பரில் (குறைந்த அழுத்தத்தில் கரைப்பானை ஆவியாக்கும் கருவி) போகாது. சிலிகா நிரப்பிய குழாய் (column) வழியாக ஓடவிட்டுப் பிரிக்கத்தான் வேண்டும். கரைப்பானில் 1 சதவீதம் டிரைஎதிலமீன் சேர்க்காவிட்டால் அமீன் சிலிகாவில் ஒட்டி, புள்ளி வால்போல் நீண்டுவிடும்.

சரிபார்க்க என்.எம்.ஆர். (மூலக்கூறில் எந்த வகை ஹைட்ரஜன் எத்தனை என்று காட்டும் நிறமாலை) போதும். பென்சைல் சி.எச்.2-இன் ஹைட்ரஜன்களுக்கும் எஸ்டரின் ஓ.மீத்தைல் (OCH3) ஹைட்ரஜன்களுக்கும் விகிதம் 2:3 என்றால் ஒற்றைச் சேர்க்கை, 2:6 என்றால் இரட்டை.

அதற்கு முன் அமீன் பாட்டிலின் கழுத்தைப் பாருங்கள். வெள்ளைப் படிவு இருந்தால் அமீன் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை இழுத்து கார்பமேட்டாக மாறியிருக்கிறது. நீங்கள் 15 என்று அளப்பது உண்மையில் 15 இல்லை. அக்ரிலேட்டின் பங்கு தானாகவே கூடிவிடும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சேர்த்து, குறைந்த அழுத்தத்தில் வடித்து, நைட்ரஜனின் கீழ் வையுங்கள். அக்ரிலேட் பாட்டிலுக்கு மட்டும் நைட்ரஜன் கூடாது: அதில் பாதுகாப்புக்காகச் சேர்த்திருக்கும் மெத்தாக்சிபீனால் ஆக்சிஜன் இருந்தால்தான் பாலிமராவதைத் தடுக்கும்.

பெரிய டிரம்மிலிருந்து சின்ன பாட்டிலில் ஊற்றி, லாட் எண்ணும் தேதியும் இல்லாமல் விற்கும் இடைத்தரகர்களிடம் இவற்றை வாங்கவே வாங்காதீர்கள். மூன்று கொட்டேஷன் கேட்டு, விலை குறைந்தவருக்கே ஆர்டர் என்ற விதியால்தான் அந்தச் சரக்கு கல்லூரிக்குள் வருகிறது. ஆறு மாதம் காத்திருந்து வாங்கியது படிவோடு வந்தால், பழி மாணவர் தலையில் விழுகிறது. பில்லில் லாட் எண் எழுதித் தரச் சொல்லுங்கள். மறுத்தால் திருப்பி அனுப்புங்கள்.

ஒரு விதிவிலக்கு. நாளை அனிலினுக்கு மாறினால் இந்த முறை உதவாது. அனிலினில் நைட்ரஜன் நேராக வளையத்தோடு இணைந்திருக்கிறது; அந்த நைட்ரஜனின் எலக்ட்ரான் இணை பென்சீன் வளையத்துக்குள் இழுபடுவதால், மெத்தனாலில் அறை வெப்பத்தில் இரவெல்லாம் கலக்கினாலும் அப்படியே கிடக்கும். நேரத்தை நீட்டிப் பயனில்லை. அசிட்டிக் அமிலத்தில் சூடாக்க வேண்டும். அமிலம் அக்ரிலேட்டின் கார்பனைலைத் தூண்டுகிறது. அதே அமிலத்தைப் பென்சைலமீனில் ஊற்றிவிடாதீர்கள். அமீன் உப்பாகிவிடும், வினை நின்றுபோகும்.