நாளைக்குள் முடிவு கேட்கும் புரோக்கர்

கேள்வி: மும்பை செம்பூரில் ஒரு பெட்ரூம் ஃபிளாட்டில் 11 மாத லீவ் அண்ட் லைசன்ஸ் அக்ரிமென்டில் (குறிப்பிட்ட காலத்துக்குக் குடியிருக்க அனுமதி தரும் ஒப்பந்தம்) குடியிருக்கிறோம். வாடகை 32,000 ரூபாய், டெபாசிட் 1 லட்சம். அடுத்த மாதம் 14-ஆம் தேதி அக்ரிமென்ட் முடிகிறது. ஓனர் புனேயில் இருக்கிறார். இதுவரை எல்லாம் புரோக்கர் மூலமாகத்தான். இப்போது அந்தப் புரோக்கர் தினமும் போன் செய்கிறார். வாடகை 37,000, தனக்கு அரை மாத வாடகை, அக்ரிமென்ட் செலவு 8,000 என்கிறார். “வேறு பார்ட்டி ரெடியாக இருக்கு, நாளைக்குள் சொல்லுங்க, இல்லேன்னா காலி பண்ணணும்” என்கிறார். பள்ளி நடக்கும்போது குழந்தைகளோடு எங்கே போவது? என்ன செய்யலாம்?
— செம்பூர் வாசகி

பதில்: முதலில் பயத்தைத் தள்ளி வையுங்கள். நாளைக்குள் நீங்கள் எதற்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. உங்களைக் காலி செய்யச் சொல்லும் உரிமை ஓனருக்குத்தான் உண்டு, அதுவும் அக்ரிமென்டில் உள்ளபடிதான். நீங்கள் கவனிக்க வேண்டிய தேதி அடுத்த மாதம் 14. அதை மட்டும் அலட்சியமாக விடாதீர்கள். மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், 1999-இன் 24-ஆவது பிரிவு, லைசன்ஸ் காலம் முடிந்தும் வீட்டை ஒப்படைக்காதவரிடம் அக்ரிமென்டில் உள்ள வாடகையைப்போல் இரண்டு மடங்கு இழப்பீடு கேட்க இடம் தருகிறது. “பேச்சுவார்த்தை நடக்கிறது, அப்புறம் எழுதிக்கொள்ளலாம்” என்று யார் சொன்னாலும், அது எழுத்தில் இல்லையென்றால் 15-ஆம் தேதி முதல் உங்களுக்குப் பாதுகாப்பு குறைவு.

புரோக்கர் ஏன் இப்படி விரட்டுகிறார் என்று புரிந்துகொண்டால் பாதி பதற்றம் போய்விடும். நீங்கள் காலி செய்தால் புதிதாக வருபவரிடம் அவருக்கு ஒரு மாத வாடகை, பெரும்பாலும் ஓனரிடமும் ஒரு தொகை. நீங்களே தொடர்ந்தால் அரை மாதம். நீங்களும் ஓனரும் நேரடியாகப் பேசிக்கொண்டால் ஒன்றுமில்லை. இந்த மூன்றாவது வழி உங்களுக்குத் தெரிவதற்குள் முடித்துவிடத்தான் இந்த அவசரம்.

ஆகவே ஓனரிடம் இன்றே பேசுங்கள். அவர் பெயரும் முகவரியும் பதிவான அக்ரிமென்டின் முதல் பக்கத்திலேயே இருக்கும். போனில் பேசினாலும், பேசியதை வாட்ஸ்அப்பில் எழுதி அனுப்புங்கள். இந்தியிலோ ஆங்கிலத்திலோ, சுருக்கமாக, இந்த அர்த்தத்தில் இருந்தால் போதும்: “14-ஆம் தேதி அக்ரிமென்ட் முடிகிறது. நாங்கள் தொடர்ந்து இருக்க விரும்புகிறோம். 11 மாதமும் வாடகை தவறாமல் வந்திருக்கிறது. 34,000 தர முடியும். நீங்கள் எதிர்பார்க்கும் வாடகை என்ன, எத்தனை மாதம் என்பதை உங்கள் வாயால் தெரிந்துகொள்ள விரும்புகிறோம். புரோக்கர் 37,000 என்றார். அது உங்கள் முடிவுதானா?” கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். ஓனர் 35,000 எதிர்பார்த்திருக்க, நடுவில் இருப்பவர் ஏற்றிச் சொல்வது நடக்கிறது. “எல்லாம் அவரிடமே பேசுங்கள்” என்று ஓனர் சொன்னால், அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்போதுதான் புரோக்கர் சொல்வதை ஓனர் சொன்னதாக நீங்கள் எடுத்துக்கொள்ள முடியும்.

34,000 என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 37,000-க்கும் 34,000-க்கும் வித்தியாசம் மாதம் 3,000, 11 மாதத்துக்கு 33,000. நீங்கள் போய் வீடு ஒரே ஒரு மாதம் பூட்டிக் கிடந்தாலே ஓனருக்கு 37,000 நஷ்டம். அதற்கு மேல் பெயின்ட், புது புரோக்கரேஜ். இதைச் சண்டையாக இல்லாமல் மரியாதையாக ஓனரிடம் எடுத்துச் சொல்லுங்கள். கணக்குப் பார்ப்பவர் ஒப்புக்கொள்வார். பேசும் முன் உங்கள் கட்டடத்தில் சமீபத்தில் குடிவந்தவர் என்ன தருகிறார் என்று வாட்ச்மேனிடமோ சொசைட்டி (ஃபிளாட் உரிமையாளர் சங்கம்) ஆபீஸிலோ விசாரியுங்கள். இணையத்தில் போடும் வாடகை கேட்கும் விலைதான், படியும் விலை இல்லை.

அரை மாத புரோக்கரேஜ் விஷயம். புதுப்பிக்கும்போது புரோக்கருக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் எங்கும் இல்லை. நீங்கள் கையெழுத்திட்டிருந்தால் மட்டுமே அது கடமை. போன வருடம் வீடு பார்த்தபோது அவர் நீட்டிய ஒற்றைத் தாளையும், அக்ரிமென்டின் கடைசிப் பக்கங்களையும் தேடிப் படியுங்கள். அங்கே இல்லையென்றால் “எழுத்தில் இருந்தால் காட்டுங்கள்” என்று ஒரு வரி அனுப்பி நிறுத்திக்கொள்ளுங்கள். விவாதம் வேண்டாம்.

8,000 ரூபாய் அக்ரிமென்ட் செலவு அதிகம். முத்திரைத்தாள் கட்டணம், மொத்த வாடகையோடு டெபாசிட்டுக்கு ஆண்டுக்கு 10 சதவீத வட்டியையும் கூட்டி, அதில் 0.25 சதவீதம். மாதம் 34,000 என்றால் 11 மாதத்துக்கு 3,74,000, டெபாசிட் வட்டி 10,000. ஆக சுமார் 960 ரூபாய். மும்பையில் பதிவுக் கட்டணம் 1,000. சிறு ஆவணக் கட்டணமும், ரேகை எடுக்கும் கருவியோடு வீட்டுக்கு வருபவரின் கூலியும்தான் மீதி. இதை ஓனரும் நீங்களும் பாதிப் பாதி போட்டுக்கொள்வது சகஜம். ஆன்லைன் பதிவுக்கு இரு தரப்பின் ஆதார், பான், இரண்டு சாட்சிகள் வேண்டும். கட்டைவிரல் ரேகையும் கேமரா படமும் எடுப்பார்கள். ஓனர் புனேயிலிருந்தே தன் ரேகையைக் கொடுக்கலாம்.

“11 மாதம்தானே, பதிவு வேண்டாம், நோட்டரி போதும்” என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். மற்ற பல ஊர்களில் ஓராண்டுக்குக் குறைவென்றால் பதிவு தேவையில்லை. மகாராஷ்டிரத்தில் அப்படி இல்லை: அதே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 55-ஆவது பிரிவின்படி எத்தனை மாதமானாலும் பதிவு கட்டாயம், அதைச் செய்யும் பொறுப்பு ஓனருடையது.

ரேகை வைக்கும் முன் வரைவை ஒரு நாள் முன்னதாகவே கேட்டு வாங்கி, உட்கார்ந்து படியுங்கள். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சட்டம் எழுத்திலுள்ள லைசன்ஸ் அக்ரிமென்டையே அதில் சொன்ன விஷயங்களுக்கு முடிவான சான்றாக எடுத்துக்கொள்கிறது. “பெயின்டுக்காக டெபாசிட்டில் பிடிக்க மாட்டேன் என்று ஓனர் சொன்னார்” என்பது அப்புறம் எடுபடாது. முக்கியமாக டெபாசிட் பற்றிய வாசகம். புது அக்ரிமென்ட் என்பதால், “முந்தைய அக்ரிமென்டின் கீழ் இன்ன தேதியில் வங்கி மூலம் பெற்ற 1,00,000 ரூபாயே இதற்கும் டெபாசிட்” என்று பழைய பரிமாற்ற எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். அடுத்து லாக்-இன், அதாவது இத்தனை மாதத்துக்கு அக்ரிமென்டை முறிக்கக்கூடாது என்ற நிபந்தனை. புரோக்கர்கள் வைத்திருக்கும் மாதிரிகளில் அது பெரும்பாலும் குடியிருப்பவரை மட்டும் கட்டும். பள்ளிக் குழந்தைகள் இருப்பதால் உங்களுக்கு அது ஓனரையும் கட்ட வேண்டும். முடிந்தால் 33 மாதம் கேளுங்கள், 11 மாதத்துக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வோடு: 34,000, பிறகு 35,700, பிறகு 37,485. அடுத்த இரண்டு வருடம் இந்தப் போன் தொல்லை இருக்காது. குடிவைத்ததற்காக சொசைட்டி வசூலிக்கும் நான்-ஆக்யுபன்சி கட்டணம், சர்வீஸ் சார்ஜில் 10 சதவீதத்துக்கு மேல் போகக்கூடாது, அது ஓனர் கட்ட வேண்டியது; உங்கள் தலையில் எழுதியிருந்தால் நீக்கச் சொல்லுங்கள்.

இதற்கிடையில் புரோக்கர் வீடு காட்ட ஆட்களைக் கூட்டிவந்தால், நேரத்தை நீங்கள் சொல்லுங்கள்: சனிக்கிழமை 5 முதல் 6 வரை, முந்தைய நாள் தகவல் தந்தால் மட்டும். கதவைத் தட்டியவுடன் திறக்க வேண்டியதில்லை.

ஓனர் கடைசியில் “இல்லை, வீடு வேண்டும்” என்றே சொன்னால், வாதாடி நாளைக் கடத்த வேண்டாம். சாவி தரும் அன்றே டெபாசிட் உங்கள் வங்கிக் கணக்கில் வரும் என்று எழுதி வாங்குங்கள். கடைசி மாத வாடகையை டெபாசிட்டில் கழித்துக்கொள்வதென்றால் அதற்கும் ஓனரின் சம்மதம் எழுத்தில் வேண்டும். மின் மீட்டர் எண், சுவர்கள், குழாய்கள், சமையலறை அலமாரி எல்லாவற்றையும் வெளிச்சத்தில் வீடியோ எடுத்து, சாவி கொடுப்பதற்கு முன்பே அவருக்கு அனுப்பிவிடுங்கள்.